சுங்குடியின் முடிச்சு

மதுரைச் சுங்குடிச் சேலையின் புள்ளிகள் துணிமேல் எழுதப்பட்டவை அல்ல. சாயம் புகாமல் காக்கப்பட்டவை. சௌராட்டிரத்திலிருந்து பெயர்ந்து வந்து மதுரையில் குடியேறிய நெசவுக் குடும்பங்களே இக்கலையை அங்கு வளர்த்தன. ஆடவர் சாயத் தொட்டியருகே நிற்க, பெண்டிர் வீட்டில் அமர்ந்து துணியை நகநுனியாற் கிள்ளி நூலால் இறுகக் கட்டினர். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள்! அடுப்பு வேலைக்கும் தாலாட்டுக்கும் இடையே நாட்கள் பல கழியும், கூலியோ சிறிது.

பண்டு செந்நிறம் தந்தது சாயவேர். அவ்வேர் இலங்கையின் மன்னார்ப் பகுதியிலும் அகழப்பட்டதை நேயர்கள் அறிந்திருக்கக்கூடும். அதன் நிறப்பொருளாகிய அலிசரினை 1868 இல் செர்மானிய வேதியியலார் செயற்கையாக ஆக்கினர். வேர் அகழ்வோர் தொழில் நலிந்தது, முடிச்சு பிழைத்தது.

முடிச்சை வீழ்த்தியது பின்வந்த மெழுகு அச்சே. நாட்கணக்கில் கட்டிய புள்ளிகளை அச்சுக்கட்டை சில நாழிகையில் இட்டுவிடுகிறது. 2005 இல் புவிசார் குறியீடு கிடைத்தபோதும், சுங்குடி என்ற பெயரில் விற்பவற்றுட் பல அச்சிட்டவையே. கையாற் கட்டிய புள்ளியை அறிவது எளிது: அதன் ஓரம் சற்றே கோணியிருக்கும், நடுவில், முடிச்சின் நுனியிற் பட்ட சாயம் பெரும்பாலும் ஒரு சிறு பொட்டாகத் தங்கியிருக்கும்.