மின்சுற்றுக் குறியீடு – பேனல் தளவரைவு இணைப்பு

கட்டுப்பாட்டுப் பேனல் ஒன்றைச் செய்ய இரண்டு வகை வரைபடங்கள் வேண்டும். முதலாவது சுற்று வரைபடம். எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்தக் காயிலுக்கு மின்சாரம் போகும், அதனால் எந்த மோட்டார் ஓடும் என்று குறியீடுகளால் சொல்வது அது. அதற்கு அளவுகோல் கிடையாது. இரண்டாவது தளவரைவு, பட்டறைகளில் ஜி.ஏ. டிராயிங் என்பார்கள். மவுண்டிங் பிளேட்டில் எந்தக் கருவி எங்கே உட்காரும், டின் ரயில் எவ்வளவு நீளம், ஒயர் போகும் டக்ட் எவ்வளவு அகலம் என்று மில்லிமீட்டர் கணக்கில் காட்டுவது. இரண்டிலும் வரும் பொருள் ஒன்றேதான் என்பதை வடிவமைப்பு மென்பொருளுக்குத் தெரியவைக்கும் ஏற்பாடே குறியீடு–தளவரைவு இணைப்பு.

சிக்கல் எங்கே இருக்கிறது என்பது மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர் ஒன்றைப் பார்த்தாலே விளங்கும். அதன் காயில், ஏ1, ஏ2 என்ற முனைகளோடு, கட்டுப்பாட்டுச் சுற்றுத் தாளில் இருக்கும். 1–2, 3–4, 5–6 என்ற முதன்மை கான்டாக்ட்டுகள் மோட்டார் தாளில் இருக்கும். 13–14 என்ற துணை கான்டாக்ட் ஸ்டார்ட் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்று சுற்றைத் தாங்கும். 21–22 வேறொரு மோட்டாரின் இன்டர்லாக்கில், பல தாள்கள் தள்ளி நிற்கும். தாள்களில் நான்கு இடம். பேனலிலோ ரயிலில் மாட்டிய, சுமார் 45 மி.மீ. அகலமுள்ள ஒரே பெட்டி. நான்கும் ஒன்று என்று சொல்லும் ஒரே சாட்சி அவற்றின் மேல் எழுதியிருக்கும் பெயர், அதாவது டேக். வீட்டில் ஒரு பெயர், தெருவில் ஒரு பெயர் என்று அழைக்கப்படும் பிள்ளையைப் பள்ளிப் பதிவேட்டுப் பெயர் ஒன்றாக்குகிறதே, அந்த வேலையைத்தான் டேக் செய்கிறது. இந்த இணைப்பின் வரலாறு முழுவதும் அந்தப் பெயரை யார் காப்பது என்பதன் வரலாறுதான்.

காகிதக் காலம்

கணினிக்கு முன்பே இதற்கு ஒழுங்கு தேடியவர்கள் இருந்தார்கள். அமெரிக்க இயந்திரத் தொழில்துறைக்காக ஜாயின்ட் இண்டஸ்ட்ரியல் கவுன்சில் 1967இல் மின் தரநிலைகளை வெளியிட்டது. அந்த மரபில் சுற்று, ஏணிப் படிகள் போல வரையப்படும். ஒவ்வொரு படிக்கும் இடது ஓரத்தில் ஓர் எண். ரிலேயின் காயில் இருக்கும் படியின் வலது ஓரத்தில், அதன் கான்டாக்ட்டுகள் எந்தெந்தப் படிகளில் இருக்கின்றன என்று எழுதுவார்கள். என்.சி., அதாவது இயல்பில் மூடியிருக்கும் கான்டாக்ட் என்றால் எண்ணுக்கு அடிக்கோடு. ரிலேயின் பெயரையும் படி எண்ணிலிருந்தே எடுப்பது வழக்கமானது: 407ஆம் படியில் காயில் இருந்தால் அது சி.ஆர்.407. படிக்கிறவருக்கு இது பெரிய வசதி, பெயரைப் பார்த்ததும் தாளைப் புரட்டிவிடலாம். ஆனால் நடுவில் ஒரு படியைச் செருகினால் அதற்குக் கீழே உள்ள பெயர்கள் அத்தனையும் மாறவேண்டும், அவற்றோடு தளவரைவும் மாறவேண்டும். அழிப்பான் தேய்ந்த இடம் இதுதான்.

ஜெர்மனி வேறு வழியில் போனது. கருவியின் பெயருக்கே ஓர் இலக்கணம் வகுத்தார்கள். எந்த வேலைக்காக என்பதைச் சமக்குறி சொல்லும். எந்த இடத்தில் என்பதைக் கூட்டல்குறி சொல்லும். எந்தக் கருவி என்பதைக் கழித்தல்குறியும், எந்த முனை என்பதை முக்காற்புள்ளியும் சொல்லும். டின் 40719 தரநிலையில் உருப்பெற்ற இந்த முறை சர்வதேசத் தரநிலையாகி, 1983இல் ஐ.இ.சி. 750, 1996இல் ஐ.இ.சி. 61346, 2009இல் ஐ.இ.சி. 81346 என்று வளர்ந்தது. இதில் கூட்டல்குறியின் பங்கைக் கவனிக்க வேண்டும். சுற்று வரைபடத்தில் இருக்கும்போதே கருவி தான் எந்தப் பேனலில் உட்காரப்போகிறது என்பதைப் பெயரிலேயே சுமந்துகொள்கிறது. தளவரைவுக்கான பாலத்தின் முதல் கல்லை மென்பொருள்காரர்களுக்கு முன்பே தரநிலைக் குழுக்கள் வைத்துவிட்டன என்றுதான் சொல்லவேண்டும்.

கோடும் பெயரும்

1963இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், ஒரு மூலப் படத்தை மாற்றினால் அதன் பிரதிகள் எல்லாம் மாறும் என்று காட்டியது. ஆனால் தொழிற்கூடங்களுக்குப் பரவலாக வந்து சேர்ந்த கேட், அதாவது கணினிவழி வரைவு மென்பொருள்களில் பல, வெகுகாலம் மின்னணு வரைபலகையாகவே இருந்தன. 1982 டிசம்பரில் வெளியான ஆட்டோகேடுக்கு ஒரு ரிலே காயில் என்பது ஒரு வட்டம், அவ்வளவுதான். 1980களின் நடுவில் வந்த பதிப்புகள் பிளாக் என்ற படத்தொகுதியோடு அட்ரிபியூட் என்ற எழுத்துப் புலங்களைச் சேர்க்க வழி செய்தன. வட்டத்துக்குள் பெயர், தயாரிப்பாளர், கேட்டலாக் எண் ஆகியவற்றைப் பொதிந்துவைத்து வெளியே படித்தெடுக்க முடிந்தது. 1986இல் ஆட்டோலிஸ்ப் என்ற நிரல்மொழி வந்ததும், அந்தப் புலங்களைத் தாள்தாளாகத் தேடி ஒப்பிடும் நிரல்களைப் பொறியாளர்களே எழுதத் தொடங்கினார்கள்.

அந்த வழியில் முதிர்ந்ததுதான் வயா டெவலப்மென்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வயா டபிள்யூ.டி. மென்பொருள். 2003இல் ஆட்டோடெஸ்க் அந்த நிறுவனத்தை வாங்கி, மென்பொருளுக்கு ஆட்டோகேட் எலக்ட்ரிகல் என்று பெயரிட்டது. பழைய பெயர் இன்றும் உள்ளே வாழ்கிறது: திட்டக் கோப்பின் நீட்சி டபிள்யூ.டி.பி.; சுற்றுத் தாளின் அமைப்புகளைத் தாங்கும் பிளாக் டபிள்யூ.டி._எம்.; பேனல் தாளுக்கு டபிள்யூ.டி._பி.என்.எல்.எம். 2019 பதிப்பிலிருந்து இது ஆட்டோகேடோடு சேர்ந்த ஒரு கருவித்தொகுப்பாக வருகிறது.

இணைப்பு நடக்கும் விதம் இது. சுற்றுத் தாளில் புஷ்பட்டனுக்கோ ரிலேக்கோ குறியீடு வைத்ததும், தயாரிப்பாளர், கேட்டலாக் எண் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து அதற்குள் எழுதிவிடுகிறோம். பிறகு பேனல் தாளைத் திறந்து சுற்றுப் பட்டியலிலிருந்து புட்பிரின்ட், அதாவது தளவரைவு வடிவம் செருகும் கட்டளையைக் கொடுத்தால், மென்பொருள் திட்டத்தின் எல்லாத் தாள்களையும் படித்துக் கருவிகளின் பட்டியலை நீட்டும். ஏற்கெனவே வைத்தாயிற்று என்றால் பக்கத்தில் பெருக்கல்குறி போன்ற ஓர் அடையாளம். மிச்சமிருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், கேட்டலாக் எண்ணைக் கொண்டு ஒரு தரவுத்தளத்தில் தேடி, அந்தக் கருவியின் உண்மை அளவிலான வடிவத்தை எடுத்து ரயிலின்மேல் வைக்கும். பெயரையும் விளக்கத்தையும் தானே நகலெடுத்துக்கொள்ளும். படம் இல்லாத கருவிக்கு வெறும் செவ்வகம் வரைந்தும் பெயரைக் கட்டிவிடலாம். பிறகு ஒரு பக்கம் பெயரையோ கேட்டலாக் எண்ணையோ திருத்தினால், மறுபக்கமும் மாற்றட்டுமா என்று கேட்கும். பேனல் பட்டியலிலிருந்து சுற்றுத் தாளுக்குக் குறியீட்டைக் கொண்டுவரும் எதிர்வழியும் உண்டு. கருவிகள் கையிருப்பில் இருக்க, சுற்று பின்னால் முடிவாகும் வேலைகளில் அது உதவுகிறது.

புட்பிரின்ட் என்ற சொல் அச்சுச்சுற்றுப் பலகை உலகிலும் பழக்கமானது. அங்கே 7400 என்ற சில்லின் நான்கு வாயில்கள் சுற்றுப்படத்தில் நான்கு இடங்களில் நிற்கலாம். பலகையில் 14 கால்களுள்ள ஒரே பொட்டலம். கான்டாக்டரின் கதையேதான்.

பெயரை நம்புவதா, பொருளை நம்புவதா

மேலே சொன்ன முறையில் இணைப்புக்கு ஆதாரம் பெயர்ப் பொருத்தம். கருவியின் டேக், நிறுவல் குறி, இடக்குறி மூன்றும் இரு பக்கமும் ஒத்திருக்கவேண்டும். இதன் பலம் எளிமை: தாள் ஒவ்வொன்றும் சாதாரண ஆட்டோகேட் கோப்பு, எவரும் திறந்து பார்க்கலாம். பலவீனமும் அங்கேதான் பிறக்கிறது. யாரோ ஒருவர் எலக்ட்ரிகல் கட்டளைகளை விட்டுவிட்டு, வெறும் எழுத்துத் திருத்தும் கட்டளையால் பேனல் பக்கம் ஓர் எழுத்தை மாற்றினால் இணைப்பு சத்தமில்லாமல் அறுந்துவிடும். படத்தில் எதுவும் குறையாக இராது. பொருள்பட்டியலில்தான் ஒரே ரிலே இரண்டாக எண்ணப்படும்.

ஐரோப்பாவில் வளர்ந்த மென்பொருள்கள் பல, பொருளையே மூலமாக வைத்தன. ஜெர்மனியில் 1984இல் தொடங்கிய இபிளான், 2006இல் வெளியிட்ட எலக்ட்ரிக் பி8 பதிப்பில், கருவி என்பது தரவுத்தளத்தில் ஒரு பதிவு. காயில், கான்டாக்ட், தளவரைவுப் பெட்டி எல்லாம் அதன் வெவ்வேறு தோற்றங்கள். ஊல்ம் நகரத்து சிம்-டீம் உருவாக்கி, 2006இல் ஜப்பானிய ஜுக்கன் நிறுவனத்திடம் போன இ3.சீரீஸும் இந்த வழியே. ஒரு தாளில் மாற்றினால் மற்றத் தாளில் உடனே தெரியும். கேள்வி கேட்கவேண்டிய தேவையே இல்லை. என் கணிப்பில், பெரிய திட்டங்களுக்கு இதுவே சரியான அடித்தளம். ஆனால் அங்கும் பொருளை அடையாளம் காட்ட மனிதர் கையில் இருப்பது பெயர்தான். இலக்கணம் தவறிய பெயரை எந்தத் தரவுத்தளமும் திருத்தித் தராது.

ஒயர்கள் வந்து சேரும் டெர்மினல்கள் தனிக் கதை. ஒரு ஸ்ட்ரிப்பில் நூறு டெர்மினல்கள் அடுத்தடுத்து நிற்கும், எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்ட்ரிப் பெயர். ஒரே எண் இரண்டு டெர்மினலுக்கு இருப்பதும் உண்டு, ஒரே டெர்மினல் இரண்டு தாளில் வருவதும் உண்டு. பெயர்ப் பொருத்தம் இங்கே தோற்றுவிடுகிறது. அதனால் ஆட்டோகேட் எலக்ட்ரிகலே டெர்மினல்களுக்கு மட்டும் லிங்க்டெர்ம் என்ற மறைபுலத்தை வைத்து, சுற்றுக் குறியீட்டையும் பேனல் வடிவத்தையும் தனி அடையாளத்தால் கட்டுகிறது.

முப்பரிமாணம்

2010களில் தளவரைவு தட்டையான தாளை விட்டு வெளியே வந்தது. இபிளான் புரோ பேனலும், பிரான்சின் டிரேஸ் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் எலெக்வொர்க்ஸ் அடிப்படையில் அமைந்த சாலிட்வொர்க்ஸ் எலக்ட்ரிகலும் பேனலை முப்பரிமாணப் பொருளாகவே காட்டின. கருவியின் ஒவ்வொரு முனையும் முப்பரிமாண வெளியில் எங்கே இருக்கிறது என்பது தெரிந்ததால், சுற்றில் உள்ள ஒயர் டக்ட் வழியே எத்தனை மில்லிமீட்டர் ஓடும் என்று கணக்கிட முடிந்தது. அந்தக் கணக்கு நேரே ஒயர் வெட்டும் இயந்திரத்துக்கும், பிளேட்டில் துளையிடும் இயந்திரத்துக்கும் போகிறது. பேனலின் வெப்பத்தைக் கணக்கிடவும் இதே இணைப்பு உதவுகிறது: எந்தக் கருவி எவ்வளவு வாட் வெளியிடும் என்பது கேட்டலாக் பதிவில் இருக்கிறது, அது எந்தப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறது என்பது தளவரைவில் இருக்கிறது.

இவ்வளவு தூரம் வந்த பிறகும் பல இடங்களில் இணைப்பு ஒருவழிப் பாதையாகவே இருக்கிறது. அலுவலகத்திலிருந்து பட்டறைக்கு எல்லாம் தானாகப் போகிறது. பட்டறையில் டக்ட் இடித்ததென்று ஒயர்மேன் ஒரு ரிலேயை அடுத்த ரயிலுக்கு மாற்றினாலோ, 13–14 பழுதென்று 43–44இல் ஒயரை மாட்டினாலோ, அந்தச் செய்தி பேனல் கதவுக்குள் செருகிய தாளில் சிவப்பு மையால் எழுதப்பட்டு, யாராவது ஒருவர் அதை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து தட்டச்சு செய்யும்வரை காத்திருக்கிறது.