பாயில் இருந்த எழுத்து

சென்ற மாதம் எங்கள் பாடசாலையின் ஆண்டு மலருக்கு அட்டைப்படமும் புதிய இலச்சினையும் தேவைப்பட்டன. வேலை எங்கள் மூன்று ஆசிரியர்களின் தலையில் விழுந்தது. தரம் 11 பிள்ளைகளிடம் சொன்னோம். மறுநாள் விடியும்போது வட்ஸ்அப்பில் பதினான்கு படங்கள் வந்து கிடந்தன. ஒன்பதில் ஈச்சமரம். நான்கில் ஒட்டகம். மிச்சம் ஒன்றில் ஈச்சமரமும் ஒட்டகமும்.

"நம்மட ஊர்ல ஒட்டகத்த எங்க மகன் கண்ட?" என்று கேட்டோம்.

"முஸ்லிம் டிசைன் எண்டு அடிச்சா இதுதான் சேர் வருது" என்றான் ஒருவன்.

அவனில் பிழை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. கலியாண மண்டப மேடை தொடக்கம் வீட்டு முன்கதவு வரை நாமும் வேறெங்கோ எடுத்த படத்தைப் பார்த்துத்தானே செய்விக்கிறோம்? 2019 இல் பெயர்ப்பலகைகளில் இருந்த அறபு எழுத்து சர்ச்சையானபோது, "அப்படியென்றால் எங்களுடைய அடையாளம் எது?" என்று நாமே ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். பதில் சொல்லத் தெரியாமல் கலைந்து போனோம். அந்தக் கேள்விதான் இந்தப் படங்களாகத் திரும்பி வந்திருக்கிறது என்று பட்டது.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊரில் ஒரு மூத்தம்மாவின் வீட்டுக்குப் போனோம். அவர் இப்போது பாய் இழைப்பதில்லை, கண் பார்வை போதாது. ஆனால் அறையின் மூலையில் சுருட்டி வைத்திருந்த ஒரு பன்பாயை விரித்துக் காட்டினார். பன்னை வெட்டி, காய வைத்து, சாயத்தில் அவித்து இழைத்த பாய். சிவப்பும் பச்சையும் ஊதாவும் மங்கிப் போயிருந்தன. நடுவில் 'நல்வரவு' என்று எழுத்து.

அந்த எழுத்தைப் பிள்ளைகள் குனிந்து பார்த்தார்கள். பாயில் வளைவு வராது. பன் குறுக்கும் நெடுக்கும்தான் ஓடும். ஆகவே 'ந' வின் வளைவும் 'வ' வின் வயிறும் படிக்கட்டுப் போல ஏறி இறங்கியிருந்தன. எத்தனை பன் மேலே, எத்தனை பன் கீழே என்ற கணக்கு முழுவதும் மூத்தம்மாவின் தலைக்குள் இருந்திருக்கிறது. அவர் பள்ளிக்கூடம் போனது இரண்டே வருடம். "எழுத்து வாசிக்கிறதுக்கு முன்ன இழைக்கப் பழகிட்டேன்" என்றார்.

கணினித் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் சிறு சிறு சதுரங்கள் தெரியும். அதே வேலைதான் இது. இன்னும் பின்னே போனால், ஈரானிலும் மத்திய ஆசியாவிலும் பள்ளிவாசல் சுவர்களில் செங்கல்லை அடுக்கியே எழுதினார்கள். செங்கல் வளையாது, அதனால் எழுத்துச் சதுரமாயிற்று. சதுரக் கூபி என்று அதற்குப் பெயர். அந்தக் கொத்தனும் நம்மூர் மூத்தம்மாவும் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள். கையில் இருந்த பொருள்தான் இருவருக்கும் ஒரே வடிவத்தைக் கொடுத்தது.

தமிழ் எழுத்தின் கதையும் அப்படித்தான். ஓலையில் எழுத்தாணியால் நேர்கோடு இழுத்தால் நார் கிழியும், அழுத்திப் புள்ளி வைத்தால் ஓட்டை விழும். அதனால் எழுத்து உருண்டது, புள்ளி பெரும்பாலும் விடுபட்டது. அச்சு வந்த பிறகே புள்ளி நிலையாகத் திரும்பியது.

நாங்கள் எதிர்பாராத ஒன்றும் அந்த வீட்டில் இருந்தது. பாய்க்குப் பக்கத்தில், துணியில் சுற்றிய ஒரு கித்தாபு. அட்டை இல்லை, பூச்சி அரித்த ஓரம். அறபுத் தமிழ். பிள்ளைகள் அதைக் குர்ஆன் என்று நினைத்து வாசிக்கத் தொடங்கி, ஒரு வரியில் தடுமாறி நின்றார்கள். வந்தது தமிழ்!

அறபியில் 'ட' இல்லை. நம்மவர்கள் 'தால்' எழுத்தின் அடியில் ஒரு புள்ளி வைத்தார்கள். 'நூன்' இன் அடியில் ஒரு புள்ளி வைக்க 'ண' ஆயிற்று. 'ஃபா' வின் அடியில் ஒன்று வைக்க 'ப' ஆயிற்று. எகர ஒகர ஓசைகளுக்கும் தனிக் குறி செய்துகொண்டார்கள். இன்று ஒரு எழுத்துரு வடிவமைப்பாளர் காசு வாங்கிக்கொண்டு செய்கிற வேலையை, காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் கரைகளிலும் இருந்த ஆலிம்கள் நாணல் பேனாவால் செய்து முடித்திருக்கிறார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றவர்கள் இந்த எழுத்தில் நூல் நூலாக எழுதினார்கள். அவர் 1898 இல் காலமானார். நம் சித்திலெப்பை மறைந்ததும் அதே ஆண்டில்தான்.

ஈய அச்சில் அறபு எழுத்தைக் கோர்ப்பது கரைச்சல், ஏனெனில் எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோர்த்து நிற்கும். கல்லச்சில் அந்தக் கரைச்சல் இல்லை. எண்ணெய்ப் பசையுள்ள மையால் எழுதி, கல்லில் ஏற்றி, கல்லை நனைத்தால் எழுதிய இடம் மட்டும் மையைப் பிடிக்கும். எழுதியவரின் கை நடுக்கம் வரைக்கும் தாளில் இறங்கும். எங்கள் கையிலிருந்த பக்கத்தில் ஒரு வரி இடம் போதாமல் ஓரத்தில் சரிந்து ஏறியிருந்தது. பிள்ளைகளுக்கு அதுதான் எல்லாவற்றிலும் பிடித்தது.

தேத்தண்ணியோடு அச்சுப்பலகாரம் வந்தது. "அச்சு எண்டா பிரிண்ட்தானே சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். குசினியில் தொங்கிய அச்சை வாங்கிப் பார்த்தாள். பூ இதழ்போல இரும்பு. மாவில் தோய்த்து எண்ணெயில் இறக்கினால் ஒரே வடிவம் எத்தனை தரமும் வரும். கொப்பியில் வரைந்துகொண்டாள்.

தீன்பண்டத்திலிருந்து வடிவம் எடுப்பது புதிதுமல்ல. கொழும்பு புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத்தெருவில் உள்ள சிவப்புப் பள்ளியைப் பாருங்கள். சம்மாங்கோட்டுப் பள்ளி என்று நம் மூத்தவர்கள் சொல்வது. 1908 இல் தொடங்கி 1909 இல் முடிந்தது. வடிவமைத்த ஹபீபு லெப்பை ஸாயிபு லெப்பை கட்டடக்கலை படித்தவரல்லர். தென்னிந்திய வியாபாரிகள் கொண்டுவந்த இந்தோ சரசனிக் கட்டடப் படங்களைப் பார்த்தார். ஆனால் அப்படியே பிரதி எடுக்கவில்லை. அதன் குமிழ்களை மாதுளம்பழம் என்பார்கள். சிவப்பு வெள்ளைச் செங்கல்லைப் பார்க்கிறவனுக்கு அது வேறெந்த ஊர்ப் பள்ளியாகவும் தெரியாது. வெளியூர்ப் படத்தைப் பார்ப்பது குற்றமென்று நாங்கள் சொல்லவில்லை. பார்த்துவிட்டு அவர் என்ன செய்தார் என்பதைத்தான் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினோம்.

இப்போது இலச்சினைக்கு மூன்று வரைபுகள் இருக்கின்றன. ஒன்றில் பாடசாலையின் பெயர் பாய் எழுத்தில், படிப்படியாக. இன்னொன்றில் அச்சுப்பலகாரத்தின் எட்டு இதழ். மூன்றாவதில் 'தால்' உம் அதன் அடியில் அந்தப் புள்ளியும் மட்டும். கூட்டத்தில் ஒரு பெரியவர், "பாயையும் பலகாரத்தையும் போட்டால் ஊர் சிரிக்காதா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயமில்லாமலில்லை. நாங்கள் பாயைக் கீழே விரிக்கத்தான் பழகியிருக்கிறோம். அதிபர் இன்னும் முடிவு சொல்லவில்லை. ஈச்சமரத்துக்கும் இரண்டு வாக்கு இருக்கிறது.

ஒன்று கேட்கிறோம். அந்தக் கித்தாபை அடுத்த கிழமை ஸ்கேன் பண்ணப் போனபோது, வீடு வெள்ளையடிக்கையில் பழைய தாள்களோடு அதையும் புதைத்துவிட்டதாகச் சொன்னார்கள். கிழிந்த கித்தாபைக் கண்ணியமாகப் புதைப்பது நம் வழக்கம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. பாய் மட்டும் இருக்கிறது. உங்கள் வீட்டில் எழுத்து இழைத்த பன்பாயோ அறபுத் தமிழ்க் கித்தாபோ இருந்தால், புதைப்பதற்கு முன், எரிப்பதற்கு முன், பகல் வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். இழைத்தவர், எழுதியவர் பெயர் தெரிந்தால் அதையும் குறித்து எங்களில் யாருக்காவது காட்டுங்கள். பிள்ளைகள் சனிக்கிழமைகளில் வரத் தயாராக இருக்கிறார்கள்.