ஜொகூர் நில அளவையும் நிலப்படங்களும்

மலேசியத் தீபகற்பத்தின் தென்கோடியில் சுமார் 19,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஜொகூரில் நிலத்தை அளந்து எல்லை குறித்த வரலாறு இது. இதன் தொடக்க ஆவணங்கள் எழுத்தாலானவை. நிலப்படம் பின்னால் வந்தது.

ஜொகூரின் தெமெங்கோங் (மலாய் உயர்பதவி) டாயேங் இப்ராகிம் 1844 முதல் சீனப் பயிர்க்காரர்களுக்கு ஜாவி எழுத்தில் வழங்கிய அனுமதிக்கு 'சூராட் சுங்கை', அதாவது ஆற்றுச் சீட்டு, என்று பெயர். ஏக்கர் கணக்கைவிட ஆற்றின் பெயரே அதில் பெரிது. சீட்டைப் பெற்றவர் 'காங்சூ' (ஆற்றுத்துறைத் தலைவர்). அவருடைய குடியிருப்பு 'காங்கார்'. அபின், சூதாட்டம், பன்றியிறைச்சி ஆகியவற்றின் உரிமைகளும் அவரைச் சேர்ந்தன. பயிர் மிளகும், நாம் வெற்றிலையோடு மெல்லும் கத்தக்காம்பும். கத்தக்காம்பு இலையைக் கொப்பரையிலிட்டுக் காய்ச்ச ஓயாமல் விறகு வேண்டும். காய்ச்சிய சக்கை மிளகுக் கொடிக்கு எருவாகும். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளில் மண்ணின் சாரம் போய்விடும், விறகும் தீர்ந்துவிடும். தோட்டம் வேறிடம் நகரும். இடம் மாறும் பயிருக்கு இடம் மாறாத ஆற்றை எல்லையாக்கியது மிகப் பொருத்தமான ஏற்பாடு. சீட்டு முறைக்கு முன்பே சீனர் இங்கே பயிரிட்டனர் என்பாரும் உண்டு. அது முடிந்த முடிபன்று. காங்கார் பூலாய், காங்கார் தெப்ராவ் முதலிய ஊர்ப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன.

மகாராஜா (1885 முதல் சுல்தான்) அபூ பக்கார் காலத்தில் அளவைப் பணியை நடத்தியவர் டத்தோ பெந்தாரா லுவார் என்ற பட்டம் பெற்ற முகமது சாலே பின் பெராங் (1841–1915). சிங்கப்பூரின் தெலோக் பெலாங்காவில் பிறந்த இந்த மலாய் அதிகாரி, காங்சூக்களுடன் பழக வேண்டிச் சீனமும் கற்றார். மாநில நிலப்பட வேலையில் அவர் பங்கு பெரிது. அவருடைய தன்வரலாறு 1928இல் நூலாக வெளிவந்தது. மலாய் மொழியின் முற்பட்ட தன்வரலாறுகளுள் அதுவும் ஒன்று.

1909இல் ரயில் பாதை ஜொகூர் பாருவை எட்டியது. 1910இல் நிலச் சட்டம் வந்தது. 1917இல் காங்சூ முறை ஒழிக்கப்பட்டது. இக்காலத்தில் பெருகிய ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆற்றின் பெயர் போதாது. 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்ட அளவைச் சங்கிலி காட்டுக்குள் இழுக்கப்பட்டது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். மூலைக்கு மூலை எல்லைக்கல், கல்லுக்கேற்ற லோட் (நிலத்துண்டு) எண், எண்ணுக்கேற்ற கிரான் (நில உரிமைப் பத்திரம்) என நிலம் காகிதத்தில் ஏறியது. மலாயாவின் அளவைத் துறையில் யாழ்ப்பாணத் தமிழர் பலர் பணியாற்றினர்; எல்லைக் கோட்டுக்குள் ரப்பர்ப் பால்வெட்டியவர்களில் பெருந்தொகையினர் தமிழகத் தமிழர்.

இந்த லோட்டுகளின் இடம் குறிக்கும் அளவைக் கணக்குக்கு ஜொகூரில் தொடக்கப் புள்ளி குளுவாங் அருகிலுள்ள பெலுமுட் மலை.

1950களில் வெள்ளையர் தோட்டங்கள் விற்கப்பட்டுச் சிறு லோட்டுகளாகத் துண்டாடப்பட்டன. படத்தில் புதுக்கோடு விழுந்த தோட்டங்களில் வேலையோடு தோட்டக் குடியிருப்பான லயத்து வீட்டையும் இழந்தனர் தமிழர். இதை எதிர்கொள்ளவே அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960இல், தொழிலாளரின் பங்குத்தொகையால் தோட்டம் வாங்கும் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் தீபகற்ப மாநிலங்களுக்குப் பொதுவானது. அண்மைக் காலத்தில் லோட் எல்லைகள் கணினித் தரவாகப் பேணப்படுகின்றன.