300 ஏக்கரும் ஒரு கம்பைலரும்

பொட்டி தட்டுற நம்ம மக்கள்ல எத்தனை பேர் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவங்கன்னு எண்ணிப் பாருங்க. சிவில், மெக்கானிக்கல், பி.எஸ்ஸி. கணிதம்னு எல்லா ஆளும் இருப்பாங்க. ஆனா புரோகிராமர் ஒருத்தர் வீட்டுல உட்கார்ந்தே படிச்சு மின்வேதியியல் விஞ்ஞானி ஆனதாக் கேள்விப்பட்டிருக்கீங்களா? ஏன் இப்படின்னு தெரிஞ்சுக்க எங்க காரைக்குடி வரலாறே போதும்.

காரைக்குடியில மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அதாங்க நம்ம சிக்ரி, வர்றதுக்காக வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அந்தத் துறைக்கு ஆய்வகம் வேணும், கருவி வேணும், வேதிப்பொருள் வேணும், பக்கத்துல நின்னு சொல்லிக்கொடுக்க ஆளும் வேணும். இதெல்லாம் தனி ஆளால முடியுற காரியமா?

அப்போ கணினித்துறை பிறக்கும்போதே திறந்த வீடான்னா, அதான் இல்லை. 1973-ல் சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370/155 வந்துச்சு. பஞ்ச் கார்டுல புரோகிராமைக் கொடுத்துட்டு விடைக்குக் காத்துக் கிடக்கணும். அன்னைக்குக் காரைக்குடிப் பையனுக்கு சிக்ரி உள்ளூர்ல இருந்துச்சு, அந்தக் கணினியோ 400 கிலோமீட்டர் தள்ளி.

கதவு திறந்ததுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, மைக்ரோபிராசசர் வந்து அறை அளவுப் பொட்டியை மேசைக்குக் கொண்டுவந்தது. இன்னொண்ணு, இங்கேயும் கொடைதான். 1983-ல் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவிச்சார். 1987-ல் ஜிசிசி கம்பைலர், 1991-ல் லினக்ஸ் கெர்னல் வெளியாச்சு. நிலத்தைக் கொடுத்தா அது ஒரு இடத்துக்குத்தான். கம்பைலரைக் கொடுத்தா உலகம் பூரா நகல் எடுத்துக்கலாம், கொடுத்தவருக்கும் குறையாது.

ஆனா கதவு எல்லாருக்கும் திறந்துடலை. பொட்டி வாங்கக் காசு வேணும். 2011-ல் தமிழக அரசு ஆரம்பிச்ச இலவச மடிக்கணினித் திட்டம் அந்தத் தடையைக் கொஞ்சம் நகர்த்துச்சு. அடுத்த தடை ஆங்கிலம். தமிழ் மீடியத்துல படிச்ச பிள்ளைக்குக் கணக்கு வரும், தர்க்கம் வரும். முதல் எர்ரர் மெசேஜ்லயே நின்னுடும்.

இதைச் சரிபண்ண 300 ஏக்கர் தேவையில்லை. ஆணி புடுங்குன நேரம் போக, நமக்குத் தெரிஞ்ச ஒரு பாடத்தைத் தமிழ்ல எழுதி வைக்கலாமே மக்களே!