வழக்குமன்றமும் விறாந்தையும்: திரைப்பட உரையாடலிற் பேச்சுச் செயல்கள்

திரைப்பட உரையாடல் பற்றித் தமிழில் எழுதப்பட்டனவற்றுட் பல அதன் அடுக்குமொழியைப் போற்றுவதோடோ பழிப்பதோடோ அமைந்துவிடுகின்றன. அவ்வுரையாடல் எதனைச் செய்தது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. வாக்களித்தல், ஆணையிடல், குற்றஞ்சாட்டல், தீர்ப்பளித்தல் முதலியன கூறப்படுவதனாலேயே நிகழ்ந்துவிடும் செயல்கள் என்பதை ஜே. எல். ஒஸ்ரின் 1955 இல் ஹாவார்ட் பல்கலைக்கழக விரிவுரைகளில் விளக்கினார். ஜோன் சேர்ள் 1969 இல் தமது நூலில் அதனை விரித்தார். இத்தகைய செயல் நிறைவேறுவதற்குக் கூறுவோனிடம் உரிய அதிகாரமும் ஏற்ற சூழலும் இருத்தல் வேண்டும் என்பது அவர்தம் கருத்து. அவ்வதிகாரம் எவ்வர்க்கத்தின் கையில் உள்ளது என அவர்கள் வினவவில்லை. நமக்கோ அதுவே முதல் வினா.

1952 தீபாவளிக்கு வெளிவந்த 'பராசக்தி'யை எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய இப்படத்துக்கு மு. கருணாநிதி உரையாடல் எழுதினார். தங்கையிடம் தகாதமுறையில் நடக்க முயன்ற பூசாரியைத் தாக்கியமைக்காகக் குணசேகரன் கூண்டில் நிற்கிறான். அங்கு அவனுக்குரிய பேச்சுச் செயல் ஒன்றே: சாட்டப்பட்ட குற்றத்துக்கு விடையிறுத்தல். அவனோ விடையை வினாவாகவும் வினாவைக் குற்றச்சாட்டாகவும் மாற்றிவிடுகிறான். கூண்டில் நிற்பவனுக்குச் சமூகத்தின்மீது குற்றஞ்சாட்டும் உரிமையைச் சட்டம் தருவதில்லை. கொட்டகையில் அமர்ந்திருப்போரே தருகின்றனர். கதையினுள் நீதிபதி கேட்கிறார். மெய்யான கேட்போர் திரைக்கு இப்பால் உள்ளனர். செய்யுள் உறுப்புக்களை எண்ணிய தொல்காப்பியர் கூற்றையும் கேட்போரையும் தனித்தனி உறுப்புக்களாக வைத்தமை இங்கு நினைக்கத்தக்கது.

இக்காட்சியின் மூலவடிவம் சிலப்பதிகாரத்து வழக்குரை காதை எனலாம். ஆயினும் வேறுபாடு பெரிது. கண்ணகியின் குற்றச்சாட்டு நிறைவேறிய செயல். பாண்டியன் தன்மீது தானே தீர்ப்புக் கூறி வீழ்கிறான், நகரும் எரிகிறது. 'பராசக்தி'யில் மன்றம் அசையவேயில்லை. நீதிபதி சொந்தத் தமையனே என்பது தெரியவருகிறது. பிரிந்த குடும்பம் கூடுகிறது. இறுதியில் அநாதைகளுக்கு ஓர் இல்லம் திறக்கப்படுகிறது. சமூகத்தின்மீது சாட்டப்பட்ட குற்றம் உறவிலும் தருமத்திலும் கரைந்துவிடுகிறது. சீர்திருத்தவாதம் எதுவரை செல்லும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

இதே கதையைப் புங்குடுதீவின் இறுப்பிட்டியிலிருந்து நோக்குமிடத்து வேறொன்றும் புலனாகும். இரங்கூனிற் பொருளீட்டும் தமையன்மார், ஊரிலே தங்கையின் கலியாணம். கொழும்புக்கும் தென்னிலங்கை நகரங்களுக்கும் கடைத்தொழிலுக்குச் சென்ற தீவக இளைஞருக்கு இது அயலார் கதையன்று. பகலெல்லாம் முதலாளியின் ஏவலுக்குச் செவிகொடுத்தவன், இசைத்தட்டிலிருந்தும் கதைவசனப் புத்தகத்திலிருந்தும் குணசேகரனின் குரலை மனனம் செய்தபோது, சிறிது நேரம் குற்றஞ்சாட்டுவோன் ஆனான். மறுநாட் காலையில் ஏவல் ஏவலாகவே இருந்தது.

அவன் உழைத்தது எதற்காக? தங்கையின் சீதனத்துக்காக. 1707 இல் ஒல்லாந்தர் ஆட்சியிற் தொகுக்கப்பட்ட தேசவழமையிலேயே சீதனம் சட்டவடிவம் பெற்றுவிட்டது. ஆயினும் விறாந்தையில் அதனைக் கேட்கும் முறை சட்டமொழியிலிருந்து வேறானது. மாப்பிள்ளை வீட்டார் கூறுவர்: "நாங்கள் ஒண்டும் கேக்கேல்லை. உங்கட பிள்ளைக்கு நீங்கள் செய்யிறதைச் செய்யுங்கோ." வடிவத்தில் இது கோரிக்கையை மறுக்கும் கூற்று, வலிமையில் மறுக்கவியலாத கோரிக்கை. சேர்ள் 1975 இல் ஆராய்ந்த மறைமுகப் பேச்சுச் செயலுக்கு நம்மவர் காட்டக்கூடிய எடுத்துக்காட்டு இது. கேட்கப்படாததை மறுப்பது எங்ஙனம்? குறைத்துக் கொடுத்தால், குறைந்தது பிள்ளைமீதுள்ள பாசம் என்றாகிவிடும். உள்ளே நிற்கும் பெண்ணின் மௌனமும் மற்றவர்களாற் சம்மதம் என்னும் செயலாக மாற்றப்படுகிறது. குணசேகரனின் சொல்லாற்றல் இவ்விடத்திற் பயன்படாது. இங்கு கூண்டுமில்லை, குற்றஞ்சாட்டுதற்கு வெளிப்படையான பகைவனும் இல்லை.

1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் செயற்படத் தொடங்கியது. அவ்வாண்டிலேயே 'குத்துவிளக்கு' வெளிவந்தது. எனினும் நமது பொருளுக்கு முதன்மையானது 1977 இல் வெளிவந்த 'பொன்மணி'யே. தர்மசேன பத்திராஜ இயக்கிய இப்படத்துக்குத் திரைக்கதை எழுதியவர் காவலூர் இராஜதுரை. ஊர்காவற்றுறையைத் தம் பெயரிற் தாங்கிய தீவக எழுத்தாளர். யாழ்ப்பாணக் குடும்பமொன்றின் சீதனச் சிக்கலும் சாதி கடந்த காதலும் இதன் பொருள். உரையாடல் குறைவு, உள்ளதும் அன்றாடப் பேச்சு. வீர உரைக்கு இடமில்லை. மொழி மறைமுகமாக ஆளும் இடங்களை இப்படம் நாடிச் சென்றது என்பது நமது கருத்து. மெதுவான நடை அலுப்பூட்டுவது எனக் குறைகூறுவோருடன் நாம் முழுமையாக முரண்படவில்லை. சில இடங்களில் மௌனம் பொருளின்றியும் நீள்கிறது. ஆயின் படம் வணிகரீதியிற் தோல்வியுற்றமைக்கு அதனை மட்டும் காரணமாகக் கொள்ளவியலாது. இருபத்தைந்து ஆண்டுகளாக வழக்குமன்ற உரையிற் பயின்ற செவிகள் இங்கும் ஒரு குற்றவாளியைத் தேடின. கேட்காமற் கேட்கும் அக்கூற்றைத் தத்தம் விறாந்தைகளிற் கூறியவர்களும் அப்பார்வையாளருள் இருந்தனர்.