பழைய ரேடியோவும் புதிய கிதாரும்

மட்டாஞ்சேரிக்குச் செல்வோர் அரண்மனையின் சுவரோவியங்களையும், 1568ஆம் ஆண்டில் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக்கூடத்தையும் கண்டபின், யூதத் தெருவில் சிறிது தூரம் நடவாமல் திரும்புவதில்லை. மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாய் அடுக்கியிருந்த கிடங்குகள் பல அத்தெருவில் இன்று பழம்பொருட் கடைகளாகிவிட்டன. 1948ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாடு தோன்றிய பின்னர், அங்கு வாழ்ந்த யூதக் குடும்பங்களில் பெரும்பாலானவை படிப்படியாக அந்நாட்டுக்குக் குடிபெயர்ந்தன. இப்போது உருளிகளுக்கும் கதவு நிலைகளுக்கும் சீனச் சாடிகளுக்கும் இடையே வால்வு ரேடியோப் பெட்டிகளையும் அக்கடைகளில் காண்கிறோம். மெருகிட்ட மரம், பருத்த குமிழ்கள், தூர தேசத்து நகரங்களின் பெயர் பொறித்த கண்ணாடி முகப்பு – இவற்றின் அழகுக்காகவே பலர் அவற்றை வாங்குகின்றனர். பாடுமா என்று கேட்போர் சிலரே.

பாடாத அந்தப் பெட்டிக்குள் இருக்கும் உறுப்புகளுக்கு இன்று வேறொரு வேலை காத்திருக்கிறது. எலெக்ட்ரிக் கிதார் வாசிப்போர் உலகெங்கும் வால்வு ஒலிபெருக்கியையே நாடுகின்றனர். பழைய ரேடியோவையும், பழைய மைக்செட்டையும், 16 மில்லிமீட்டர் சினிமாப் புரொஜெக்டரின் ஒலிப்பெட்டியையும் கிதாருக்கு ஏற்றவாறு மாற்றிக்கொள்வோர் பல நாடுகளில் உண்டு. இது புதுமோகம் என்று நேயர்கள் எண்ணலாம். வரலாற்றைப் பார்த்தால் கிதார் ஒலிபெருக்கி பிறந்ததே ரேடியோ பழுது பார்க்கும் கடையில்தான்.

முதலில் மட்டாஞ்சேரியின் ரேடியோக்கள் எதைக் கேட்டன என்று பார்ப்போம். கொச்சிக்கெனத் தனி வானொலி நிலையம் 1989ஆம் ஆண்டிலேதான் வந்தது. அதற்குள் வால்வு ரேடியோவின் காலமே முடிந்துவிட்டது. ஆதலின் அந்தப் பெட்டிகள் திருவனந்தபுரத்தையும், 1956ஆம் ஆண்டில் தொடங்கிய திருச்சூர் நிலையத்தையும், கடல் கடந்து வந்த இலங்கை வானொலியையும் கேட்டு வாழ்ந்தவை. அவற்றுக்கு வெளியே மட்டாஞ்சேரி தானே பாடிக்கொண்டும் இருந்தது. ஆர்மோனியமும் தபலாவும் சூழ மெஹபூப் பாடிய இரவுகளை அவ்வூர் இன்னும் மறக்கவில்லை. 1926இல் பிறந்து 1981இல் மறைந்தவர் அவர். கிதாரும் கொச்சிக்கு அந்நியமன்று. ‘பதின்மூன்று ஏடி’ என்னும் கொச்சி ராக் இசைக்குழுவின் ‘கிரவுண்ட் ஸீரோ’ இசைத்தொகுப்பு 1990ஆம் ஆண்டில் வெளிவந்து நாடெங்கும் இளைஞர்களைக் கவர்ந்தது.

இனி வால்வைப் பற்றிச் சில சொற்கள். 1904இல் ஃபிளெமிங் என்னும் ஆங்கிலேயர் இரு முனைகள் கொண்ட வெற்றிடக் குழலை ஆக்கினார். 1906இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் அதனுள் மூன்றாவதாக ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். சூடேறிய முனையிலிருந்து எலெக்ட்ரான்கள் எதிரே உள்ள தகட்டை நோக்கிப் பாய்கின்றன. இடையிலுள்ள வலைக்கு ஊட்டும் சிறு மின்னழுத்தம் அந்தப் பெரும் பாய்ச்சலை அடக்கவும் விடுக்கவும் செய்கிறது. ஏரி மதகின் திருகை ஒருவர் கையால் அசைக்க, வாய்க்காலில் பெருவெள்ளம் ஏறி இறங்குவதைப் போன்றது இது. வால்வு என்னும் பெயர் பொருத்தமான பெயரே.

அமெரிக்காவில் 1930களின் தொடக்கத்தில் எலெக்ட்ரிக் கிதார் விற்பனைக்கு வந்தது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டர் என்பவர் 1938இல் ஒரு ரேடியோக் கடை வைத்தார். ரேடியோக்களையும் ஒலிபெருக்கிகளையும் பழுது பார்த்துக்கொண்டிருந்த அவர், 1945 அளவில் ஒரு கூட்டாளியுடன் கிதாருக்கென்றே ஒலிபெருக்கி செய்யத் தொடங்கினார். வால்வுக் கம்பெனிகள் ரேடியோத் தொழிலாளருக்காக அச்சிட்ட கையேடுகளில் இருந்த சுற்றுகளை ஒட்டியவையே அவருடைய தொடக்ககாலச் சுற்றுகள். லண்டனில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷல் 1962இல் செய்த ஒலிபெருக்கி ஃபெண்டருடைய ‘பாஸ்மேன்’ மாதிரியை அடியொற்றியது. ரேடியோவிலிருந்து ஃபெண்டருக்கும், ஃபெண்டரிடமிருந்து மார்ஷலுக்கும் இறங்கிய பரம்பரை இது.

டிரான்சிஸ்டர் 1947இல் கண்டுபிடிக்கப்பட்டு, பின்னர் வால்வை ஏறக்குறைய எல்லாத் துறைகளிலிருந்தும் விரட்டிவிட்டது. கிதார் மட்டும் ஏன் பிடிவாதமாய் நிற்கிறது? வால்வின் திறனுக்கு மேல் ஒலியைச் செலுத்தினால் அது அலையின் உச்சியைச் சட்டென்று வெட்டாமல் சிறிது சிறிதாய் மழுக்குகிறது. அப்போது மூல சுரத்தோடு அதன் மேற்சுரங்களும் பிறக்கின்றன. வானொலிப் பொறியாளருக்கு இது குற்றம். அவர் காலமெல்லாம் இதை ஒழிக்கவே பாடுபட்டார். கிதார் கலைஞருக்கோ இதுவே அணி. நம் தம்பூராவின் குதிரை மீது நூலிழை வைத்து ‘ஜீவா’ கூட்டுகிறோம் அன்றோ? தந்தியின் தூய ஒலி போதாதென்று நாமே விரும்பிச் சேர்க்கும் ரீங்காரம் அது. இதை அறிந்த தமிழருக்குக் கிதார் கலைஞரின் ஆசையைப் புரிந்துகொள்வது அரிதன்று.

ஒரு ரேடியோவைக் கிதாருக்கு ஆக்குவது எவ்வாறு? பல பெட்டிகளின் பின்புறத்தில் கிராமபோன் இணைப்பதற்கென இரு துளைகள் உண்டு. கிதாரை அதில் நேராகச் சேர்த்தால் ஒலி நலிந்தே கேட்கும். கிராமபோனின் படிக ஊசிமுனை தரும் அழுத்தத்தைக் காட்டிலும் கிதார் தருவது குறைவு. ஆகவே ‘இசிசி 83’ போன்ற ஒரு வால்வை முன்னால் சேர்த்து ஒலியை உயர்த்த வேண்டும். கடைசியில் நிற்கும் ‘இஎல் 84’ வால்வு ஒன்று சுமார் 5 வாட் தரும். வீட்டில் வாசிக்க அது போதும். கொச்சியின் உப்புக் காற்று டிரான்ஸ்பார்மரின் மெல்லிய செப்புக் கம்பியை அரித்திருக்கும். பழைய காகிதக் கண்டென்ஸர்கள் ஈரம் உறிஞ்சி ஒழுகும். அவற்றை மாற்றாமல் மின்சாரம் கொடுத்தால் கடைசி வால்வு சிவந்து சூடேறி வீணாகும். உள்ளே 250 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் ஓடுகிறது. சுவிட்சை அணைத்த பின்னரும் கண்டென்ஸர்கள் அதைச் சேமித்து வைத்திருக்கும்.

இவற்றினும் பெரிய அபாயம் ஒன்று உண்டு. முற்காலத்தில் சில ஊர்களில் ஏஸி மின்சாரமும் சில ஊர்களில் டிஸி மின்சாரமும் இருந்தன. எங்கும் விற்கும்பொருட்டு இரண்டிலும் இயங்கும் ரேடியோக்களைக் கம்பெனிகள் செய்தன. அவற்றில் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்பார்மர் இல்லை. உலோகத் தகடு மின்கம்பியோடு நேரே பிணைந்திருக்கும். வால்வுகளின் பெயர் ‘யு’ என்னும் எழுத்தில் தொடங்கினால் அத்தகைய பெட்டி என்று ஐயுறலாம். ‘இ’ என்று தொடங்கினாலும் சோதியாமல் நம்பலாகாது. ரேடியோ கேட்டவருக்கு இதனால் தீங்கு நேரவில்லை. மரப் பெட்டியும் பின்மூடியும் மின்கடத்தாக் குமிழ்களும் அவரைக் காத்தன. கிதாரிலோ தந்திகள் அத்தகட்டோடு இணைகின்றன. வாசிப்பவரின் விரல்கள் தந்தியை விட்டு நீங்குவதே இல்லை. 1972ஆம் ஆண்டில் வேல்ஸின் ஸ்வான்ஸி நகர மேடையில், சரியாக மண்ணிணைப்புச் செய்யப்படாத மைக்கைத் தொட்ட லெஸ்லி ஹார்வி என்னும் ஸ்காட்லாந்துக் கிதார் கலைஞர் அங்கேயே மாண்டார். தனிப்படுத்தும் டிரான்ஸ்பார்மரும் முறையான மண்ணிணைப்பும் இன்றி இத்தகைய பெட்டியில் கிதாரை இணைப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். தொழில் தெரிந்தவரிடம் காட்டாமல் எவரும் இதில் இறங்கலாகாது.

ரேடியோவைவிடத் திருமண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் முழங்கிய பழைய மைக்செட் ஒலிபெருக்கியே இவ்வேலைக்குத் தகுந்தது என்பது நம் கருத்து. பெரும்பாலும் அதில் டிரான்ஸ்பார்மர் உண்டு. மைக்கின் மெல்லொலியை உயர்த்தும் வால்வும் ஏற்கெனவே உள்ளது. கூம்புகளை நெடுந்தூரம் இணைப்பதற்கான 100 வோல்ட் முனையை விட்டு, 8 அல்லது 16 ஓம் முனை இருக்கிறதா என்று பார்த்து ஸ்பீக்கரைச் சேர்க்க வேண்டும். எவரும் அழகுக்கு வாங்காத பொருளாகையால் இதை மாற்றுவதில் இழப்பும் குறைவு.

வால்வுகளுக்கு என்ன செய்வது என்று கேட்கலாம். 1954இல் பெங்களூரில் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் ரேடியோ வால்வுகளைச் செய்தது. அந்த முத்திரை கொண்டவை பழைய சாமான்களிடையே இன்றும் தென்படும். புதியவை ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளிலிருந்து வருகின்றன. 2022இல் போரினால் ரஷ்ய வரத்துக்குத் தடை நேருமென்ற செய்தி வந்ததும் உலகெங்கும் கிதார் கலைஞர்கள் கலங்கினர்.

எல்லா ரேடியோவையும் அறுத்துவிடலாம் என்று நாம் கூறவில்லை. பெட்டியும் முகப்பும் உள்ளுறுப்புகளும் முழுமையாய் இருந்து, சிறு பழுது நீக்கினால் பாடக்கூடியதை ரேடியோவாகவே வைத்திருத்தல் நன்று. பெட்டி செல்லரித்துத் தகடு மட்டும் எஞ்சியிருந்தால் அதைக் கிதாருக்குக் கொடுக்கலாம். அப்போதும் கழற்றிய சுருள்களையும் கண்ணாடி முகப்பையும் எறிந்துவிடாமல், எந்தப் பெட்டியினுடையவை என்று சீட்டெழுதிக் கட்டி வைக்க வேண்டும். அதே மாதிரிப் பெட்டி வேறொரு கடையில் முகப்பு உடைந்து கிடக்கக்கூடும்.