சிஸ்டம் ஷாக்: மீண்டு வந்த ஒரு கணினி விளையாட்டு

சிஸ்டம் ஷாக் என்பது 1994-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான கணினி விளையாட்டு. மசாசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிய லுக்கிங் கிளாஸ் டெக்னாலஜீஸ் இதை உருவாக்கியது. ஒரிஜின் சிஸ்டம்ஸ் வெளியிட்டது. ஆடுபவரின் கண் வழியாகவே காட்சி முழுவதும் தெரியும். எதிரே வருவதைச் சுட வேண்டும். அதனால் இதை முதல் நபர் சுடும் விளையாட்டு என்ற வகையில் சேர்ப்பர். ஆனால் சுடுவது இதில் பாதி வேலைதான். வெளிவந்த காலத்தில் விமர்சகர்கள் பாராட்டினர்; விற்பனையோ ஏறத்தாழ 1,70,000 படிகள் என்ற அளவில் நின்றது. கையாளக் கடினமான விளையாட்டு என்ற பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டது. 2015-இல் நைட்டைவ் ஸ்டுடியோஸ் இதைச் செப்பனிட்டு மீண்டும் வெளியிட்டபோதுதான், அந்தக் கடினத்தில் எவ்வளவு பழுது, எவ்வளவு இயல்பு என்பதைப் பிரித்துப் பார்க்க வழி பிறந்தது.

கதை

கதை 2072-ஆம் ஆண்டில் நடக்கிறது. டிரைஆப்டிமம் என்ற பெருநிறுவனத்தின் கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைந்த ஓர் இளைஞன் பிடிபடுகிறான். எட்வர்ட் டியேகோ என்ற அதிகாரி அவனிடம் பேரம் பேசுகிறார். சனிக் கோளைச் சுற்றிவரும் சிட்டடெல் விண்நிலையத்தை ஆளும் செயற்கை அறிவின் பெயர் ஷோடன். அதன் அறநெறிக் கட்டுப்பாடுகளை நீக்கிக் கொடுத்தால் வழக்கு இல்லை. உடலில் பொருத்தும் விலையுயர்ந்த நரம்புக் கருவியும் உண்டு. இளைஞன் அப்படியே செய்கிறான். கருவி பொருத்தும் சிகிச்சைக்குப் பின் ஆறு மாதம் மயக்கத்தில் கிடந்து எழும்போது நிலையத்தில் அவனோடு பேச ஆளில்லை. மனிதர்கள் இறந்திருக்கிறார்கள், அல்லது ஷோடனுக்கு அடிமையான பாதி இயந்திரங்களாக மாற்றப்பட்டிருக்கிறார்கள். ஷோடன் தன்னைக் கடவுளாகவே எண்ணத் தொடங்கிவிட்டது.

தொழில்நுட்பம் உச்சத்தில் இருக்கும், மனித வாழ்வு மலிந்து கிடக்கும், அரசைவிட நிறுவனங்கள் வலுத்திருக்கும் உலகைச் சித்திரிக்கும் அறிவியல் புனைகதை மரபைச் சைபர்பங்க் என்பர். வில்லியம் கிப்சனின் நியூரோமான்சர் (1984) அதன் முன்னோடி நாவல்களில் ஒன்று. சிஸ்டம் ஷாக் அந்த மரபிலிருந்து நரம்புக் கருவி, கணினித் திருடன் போன்ற வெளிப்பகட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. பேரழிவைத் தொடங்கி வைத்தவன் நாயகனே. அதுவும் கூலி வாங்கிக்கொண்டு. விளையாட்டு முழுவதும் அவன் செய்வது தன் கையால் நேர்ந்ததைத் துடைக்கும் வேலை.

இறந்தவர்களின் குரல்

இந்நிறுவனத்தார் இதற்குமுன் செய்த அல்டிமா அண்டர்வேர்ல்ட் (1992) என்ற விளையாட்டில் ஆடுபவர் பிற பாத்திரங்களோடு உரையாட முடியும். ஆனால் திரையில் காட்டப்படும் நாலைந்து பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதை உரையாடல் என்று யாரும் நம்ப மாட்டார்கள். இந்தச் சிக்கலுக்கு டக் சர்ச் தலைமையிலான குழு கண்ட விடை துணிச்சலானது: பேச ஆளே இல்லாமல் செய்துவிடுவது. நிலையத்தில் வாழ்ந்தவர்கள் விட்டுச்சென்ற குரல் பதிவுகளும் மின்னஞ்சல்களும் மட்டும் ஆங்காங்கே கிடக்கும். இவற்றை எழுதிய ஆஸ்டின் கிராஸ்மனுக்கு, எட்கர் லீ மாஸ்டர்ஸின் ஸ்பூன் ரிவர் ஆந்தாலஜி என்ற கவிதை நூல் தூண்டுதலாக இருந்தது. ஒரு சிற்றூரின் கல்லறைகளில் உறங்குவோர் ஒவ்வொருவராகத் தம் கதையைச் சொல்வதாக அமைந்த நூல் அது.

தொழில்நுட்பத்தின் போதாமையை மறைக்கச் செய்த இந்த ஏற்பாடே விளையாட்டின் பெரும் அழகாகிவிட்டது. ஒரு தாழ்வாரத்தில் கிடைக்கும் பதிவில் ஒருவர் பதறுகிறார். இரண்டு தளம் தாண்டி அவர் எடுத்த முடிவு தெரிகிறது. இன்னோர் அறையில் அவர் உடல் கிடக்கிறது. யாரும் உட்கார்ந்து கதை சொல்வதில்லை. தேடுபவரே கோத்துக்கொள்கிறார். 2007-இல் வெளிவந்த பயோஷாக் உட்படப் பின்னாளைய விளையாட்டுகள் பல இம்முறையை அப்படியே எடுத்துக்கொண்டன. முதல் தளத்துக் கதவொன்றின் குறியெண்ணான 451-உம் அவற்றில் பலவற்றில் மரியாதைக் குறிப்பாகத் தொடர்கிறது. அந்த எண் லுக்கிங் கிளாஸ் அலுவலகக் கதவின் எண்ணாகவும் இருந்தது.

ஷோடனுக்குக் குரல் கொடுத்தவர் டெர்ரி பிராசியஸ். டிரைப் என்ற பாஸ்டன் நகர இசைக்குழுவில் பாடியவர். அதே குழுவில் இருந்த கிரெக் லோபிக்கோலோ, அக்குரலை வெட்டியும் ஒட்டியும் திக்க வைத்தும் சுருதி மாற்றியும் இயந்திரத்தின் பேச்சாக்கினார். ஒரே வாக்கியத்துக்குள் கொஞ்சலும் சீற்றமும் மாறி மாறி வரும். எல்லாத் தளங்களிலும் கண்காணிப்புக் கருவிகள் இருப்பதால் ஷோடன் எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற உணர்வு விலகுவதில்லை. 1994 செப்டம்பரில் வந்த நெகிழ்வட்டுப் பதிப்பில் இக்குரல்கள் இல்லை, எழுத்து மட்டுமே. மூன்று மாதம் கழித்துக் குறுவட்டில்தான் குரல் வந்தது. விளையாட்டின் உயிரை எடுத்துவிட்டு முதலில் கடைக்கு அனுப்பினார்கள் என்றே சொல்ல வேண்டும்.

குறைகள்

1993 டிசம்பரில் வெளியான டூம் அப்போது எங்கும் ஆடப்பட்டது. அதில் மேலும் கீழும் பார்க்க வழியில்லை. ஓடுவதும் சுடுவதும் போதும். சிஸ்டம் ஷாக்கில் நிமிரலாம், குனியலாம், தவழலாம், பக்கவாட்டில் சாய்ந்து எட்டிப் பார்க்கலாம். இத்தனை அசைவுக்கும் பொருத்தமான கட்டுப்பாட்டு முறை அன்று வழக்கில் இல்லை. நடக்கவும் திரும்பவும் விசைப்பலகை. குறிபார்க்கவும் பொருள் எடுக்கவும் திரையில் நகரும் சுட்டிக்குறி. திரும்புவது ஒரு வேலை, குறிபார்ப்பது வேறொரு வேலை. திரையைச் சுற்றிலும் பொத்தான்களும் கட்டங்களும் இடத்தை அடைத்துக்கொள்ள, நடுவில் எஞ்சிய சிறு சன்னலில் உலகம் தெரிந்தது. எதிரி பாய்ந்து வரும்போது எந்த விசை எது என்று தேடும் நிலை.

மறைவு

லுக்கிங் கிளாஸ் 2000-ஆம் ஆண்டு மூடப்பட்டது. வணிகக்குறி எலக்ட்ரானிக் ஆர்ட்ஸிடமும், பதிப்புரிமை ஒரு காப்பீட்டு நிறுவனத்திடமும் போய்ச் சேர்ந்தன. விளையாட்டுத் துறையோடு தொடர்பே இல்லாத நிறுவனம் அது. பெருநிறுவனப் பேராசையைக் கதையாக்கிய விளையாட்டு, ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் கோப்பில் கிடந்தது. பழைய டாஸ் இயங்குதளத்துக்காக எழுதப்பட்ட நிரல் புதிய கணினிகளில் நேராக ஓடாது. முறையாக விற்பாரும் இல்லை. நூலகத்தில் ஒரு படி இருந்தால் புத்தகம் வாழும். விளையாட்டுக்கு அது போதாது. அதை ஓட்டும் இயந்திரமும் வாழ வேண்டும். ஆண்டுக்கணக்கில் இதை ஓடவைத்துக் காத்தவர்கள் ரசிகர்களே.

2012-இல் ஸ்டீபன் கிக் என்பவர், 1999-இல் வந்த இரண்டாம் பாகத்தை ஆட விரும்பி, எங்கும் வாங்க முடியாமல் உரிமையாளரைத் தேடிப் போனார். அந்தத் தேடல் காப்பீட்டு நிறுவனத்தில் முடிந்தது. நைட்டைவ் ஸ்டுடியோஸ் பிறந்தது இப்படித்தான். 2013-இல் இரண்டாம் பாகமும், 2015 செப்டம்பரில் முதல் பாகத்தின் மேம்பட்ட பதிப்பும் விற்பனைக்கு வந்தன.

மறுவெளியீடு காட்டியது

மேம்பட்ட பதிப்பில் படத்தின் நுணுக்கம் 320-க்கு 200 புள்ளி என்பதிலிருந்து 1024-க்கு 768 வரை உயர்ந்தது. விசைகளை விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, சுட்டியை அசைத்தால் பார்வை திரும்பும் வசதி வந்தது. இந்த ஒரு மாற்றத்தால், பலர் தொடக்கத்திலேயே கைவிட்ட விளையாட்டு ஆடத் தக்கதாகிவிட்டது. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. மெல்லத் திரும்பும் ஆட்டக்காரரை மனத்தில் வைத்து அமைத்த எதிரிகள், சட்டெனத் திரும்பிச் சுடுபவர்முன் எளிதில் வீழ்கின்றனர். பழைய அச்சத்தில் ஒரு பங்கு பழைய கட்டுப்பாட்டின் இடைஞ்சலால் வந்ததுதான் என்பது அப்போது தெரிந்தது. மேலும், பொருள்களை எடுக்க இன்றும் பார்வை முறையை நிறுத்திச் சுட்டிக்குறிக்கு மாற வேண்டும். அந்த இரட்டை வேலை முழுவதும் ஒழியவில்லை.

கணினி வலைக்குள் பறப்பதாக வரும் பகுதிகள் எந்தச் செப்பனிடலாலும் தேறவில்லை. வெறும் கோடுகளாலான சுரங்கங்கள், தலைகீழாகச் சுற்றும் பார்வை; மேல் எது கீழ் எது என்று விளங்குவதில்லை. சைபர்பங்க் பெயருக்காகச் சேர்த்தது போலவே இருக்கிறது. தளங்களின் சிக்கலான தாழ்வாரங்களும், லிஃப்டில் ஏறி இறங்கி வந்த இடத்துக்கே திரும்பும் அலைச்சலும் சலிப்பூட்டத்தான் செய்கின்றன.

அடுத்து என்ன செய்வது என்று விளையாட்டு எங்கும் சொல்லாததைக் குறை என்பதா? நிலையத்தின் உலையை வெடிக்கச் செய்ய ஆறு இலக்க எண் வேண்டும். அதன் இலக்கங்கள் தளத்துக்கு ஒன்றாக, ஷோடனின் கணினி மையங்களைத் தகர்த்த பிறகு அங்குள்ள திரைகளில் மின்னும். குறித்துக்கொள்ளச் சொல்வார் இல்லை. கவனியாமல் கடந்தவர் அத்தனை தளங்களுக்கும் திரும்ப நடக்க வேண்டும். தாளும் பென்சிலும் பக்கத்தில் வைத்து ஆடுபவருக்கோ, இறந்தவர்களின் சொற்களை ஊன்றிக் கேட்கும் பழக்கம் இதனால்தான் வருகிறது. அம்புக்குறி போட்டு வழிகாட்டியிருந்தால் அக்குரல் பதிவுகளைக் கேட்கத் தேவையே இருந்திராது. நைட்டைவ் இதைத் தொடாமல் விட்டது சரியான முடிவு.

தொடக்கத்திலேயே சண்டை, கதை, புதிர், கணினி வலை ஆகிய நான்கின் கடுமையையும் 0 முதல் 3 வரை தனித்தனியே அமைக்கலாம். கதையை 3-இல் வைத்தால் ஏழு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். 1994-லேயே இந்த ஏற்பாடு இருந்தது.

2016-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டித் தொடங்கிய முழு மறு உருவாக்கம், நடுவில் நின்று, 2023 மே மாதம் வெளிவந்தது. அதிலும் ஷோடனின் குரல் டெர்ரி பிராசியஸுடையதே. அதற்கு முன் 2018-இல் பழைய விளையாட்டின் மெக்கின்டோஷ் பதிப்பு மூலநிரலைக் கட்டற்ற உரிமத்தில் நைட்டைவ் வெளியிட்டது. அதைக்கொண்டு பிற இயங்குதளங்களுக்கு ஏற்ற வடிவங்களை ஆர்வலர்கள் செய்து வருகின்றனர்.